மேல்மாடி காலியாக இருக்கிறது

பிறிஸ்டல், றோட் ஐலண்ட்
12 மார்ச் 2023

அன்புள்ள தம்பி பிறெடிக்கு,

அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து, ஐந்து வருடமாக, நீ என் அழைப்பை எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் என்னை மறித்து வைத்திருக்கிறாய். கடிதத்தைத் திருப்பி அனுப்ப உனக்குச் சோம்பலாக, பஞ்சியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

உன்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட 2007இல் நான் போட்ட சகோதர விண்ணப்பத்துக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. அப்போது உன் மகள் நிருஷா நேர்சறிக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவள். இப்போது இருபது வயதுப் பிள்ளை. நீ, உன் மனைவி மெற்றில்டா, நிருஷா மூன்று பேரும் வரலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள், அதாவது அடுத்த மார்ச் தொடங்கும்முன், விசா அலுவலைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் இருபத்தொரு வயது தாண்டினாலும் நிருஷா பிள்ளைக் கணக்கில் நிற்பாள். பிந்தினால் அவளுடைய பெயர் விழுந்துவிடும், நீங்கள் இரண்டு பேர்தான் வரலாம். சட்டத்தரணி இதை அழுத்திச் சொன்னார். உன் சம்மதம் இல்லாமல் நான் எதுவும் செய்ய முடியாது. நீ ஓம் என்று சொல், மிச்சத்தை இங்கிருந்து நான் பார்க்கிறேன்.

நாங்கள் நியூ ஜேர்சியை விட்டுவிட்டோம். றேமண்ட் அத்தான் பென்சன் எடுத்ததும் இங்கே வந்தோம். அமெரிக்காவிலேயே மிகச் சின்ன மாநிலம் இது. ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்குப் போக, நீ வெள்ளவத்தையிலிருந்து காலிக்குப் போகிற நேரம்கூட வேண்டாம். எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் கடல் நிற்கிறது. இருநூறு முந்நூறு வருட மரவீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கட்டிய வருடத்தைக் கதவுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்துப் பெரியவர்களோடு கொள்கைச் சண்டை பிடித்து, துரத்தப்பட்ட ஒருவர் வந்து தொடங்கிய இடமாம். வாசித்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

இன்னொன்று. இங்கே போர்த்துக்கீசர் நிறைய. அஞ்சல் பெட்டிகளில் பெரேரா, சில்வா, டயஸ் என்று பெயர்களைப் பார்த்தால் நாங்கள் வளர்ந்த கொட்டாஞ்சேனையில் நடப்பது போல இருக்கும். மாதா திருவிழாவுக்குச் சொரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பாண்ட் வாத்தியத்தோடு தெருவைச் சுற்றுகிறார்கள். போன வருடம் பார்த்துக்கொண்டு நின்று அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற கிழவி எனக்குச் சாப்பிட ஒரு இனிப்புப் பாண் தந்தாள்.

நாங்கள் கீழ்மாடியில் இருக்கிறோம். மேல்மாடி காலியாக இருக்கிறது. ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
யூஜினா அக்கா


வெள்ளவத்தை
20 ஏப்ரல் 2023

யூஜினா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள் எடுத்திருக்கிறது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு ரியூசன் வகுப்புக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு முத்திரையும். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, இறப்புச் சான்றிதழ். நாட்டை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் என் மேசையைத் தாண்டித்தான் போகிறார்கள். கனடா, லண்டன், அவுஸ்திரேலியா. திகதியைத் தவறவிடாதீர்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொல்வதும் என் வேலையில் சேர்த்தி.

போன கிழமை யோகேஸ்வரி அன்ரி வந்தா. மேல் பிளாட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்து மனுசி. மகன் கூப்பிடுகிறான், கனடா போகிறா. முத்திரை குத்தும்போது கேட்டா: "தம்பி, நீங்கள் ஏன் போகேல்லை?"

"சான்றிதழ் மொழிபெயர்க்க ஆரும் ஒராள் இருக்கவேணும்தானே அன்ரி."

"அது சரி. கடைசியாப் போற ஆளுக்கு ஆர் மொழிபெயர்க்கிறது?"

நான் ஏன் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கில் எனக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா செத்து ஆறு மாதம். "ஒரு வருசம் பொறடா, நான் போய் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளுறன், பிறகு நீ போ" என்று சொல்லிவிட்டு நீங்கள் அத்தானோடு விமானம் ஏறினீர்கள். அந்த ஒரு வருடம் இருபத்துநான்கு வருடம் நீண்டது. அது முடிந்தது அம்மா செத்ததில்தான்.

உங்கள் சின்ன மாநிலம் அழகாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போர்த்துக்கீசன் விட்டுப்போன பெயர்களைப் படிக்க அவ்வளவு தூரம் வரவேண்டுமா என்பதுதான் கேள்வி. இங்கே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரே பெரேரா.

யோசிக்கிறேன்.

பிறெடி


பிறிஸ்டல்
25 ஜூன் 2023

அன்புள்ள தம்பி,

யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், அதற்கே நன்றி. லீட்ஸ் விஷயத்தில் நான் உனக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை. அம்மா வரமாட்டேன் என்றுதான் நின்றா, அது உனக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு உன்னைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இதை ஒளிக்கவில்லை.

ஆனால் நீயும் ஒன்றைப் பேசாமல் விடுகிறாய். அம்மா செவ்வாய்க்கிழமை போனா. நான் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டு உனக்குச் சொன்னேன், வெள்ளிக்கிழமை இறங்குவேன், வைத்திரு என்று. கொட்டாஞ்சேனையில் வெளிநாட்டுப் பிள்ளைக்காக உடலை வைத்திராத வீடு உண்டா? பக்கத்து வீட்டு வின்சன்ற் அங்கிளைப் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள். மலர்ச்சாலைக்காரர் உடலைப் பதப்படுத்தி எல்லாம் செய்து தருவார்கள். நீ வியாழக்கிழமையே மாதம்பிட்டி மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டாய். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே மயானத்துக்கு வந்தேன். பூ வாடத் தொடங்கியிருந்தது. கடைசியாக நான் பார்த்த அம்மாவின் முகம் போன் திரையில். அதிலும் பாதி உன் பெருவிரல்.

சரி, இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் தொடங்கினேன்.

நிருஷா எனக்கு மெசேஜ் போடுகிறாள், கோபிக்காதே. இங்கே கடலைப் பற்றியே படிக்கிற பல்கலைக்கழகக் கம்பஸ் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து எனக்கே சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து குடாவைச் சுற்றிப் பாலத்தால் போகலாம். குளிர்காலத்தில் கடல் நாறுமா என்று கேட்கிறாள். மேல்மாடியில் கிழக்குப் பார்த்த அறை அவளுக்கு. சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டேன், அப்பா சொல்லட்டும் மாமி, பிறகு நிறம் பார்ப்பம் என்றாள்.

யூஜினா அக்கா


வெள்ளவத்தை
9 செப்டெம்பர் 2023

யூஜினா அக்காவுக்கு,

என் மகளோடு நீங்கள் கதைப்பது எனக்குத் தெரியும். ஒன்றரை அறை பிளாட்டில் இரகசியம் எங்கே வைப்பது. கடலைப் படிக்கிற கம்பஸ் பற்றி மேசையில் சாப்பிடும்போது மெற்றில்டாவுக்குச் சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்று. இங்கே சொற்பப் புள்ளியில் கம்பஸ் தவறியது. இப்போது பம்பலப்பிட்டியில் கணக்கியல் படிக்கிறாள். வகுப்பு முடிந்ததும் கடற்கரை ரயிலில் வெள்ளவத்தையில் இறங்காமல் தெஹிவளை வரை போய்த் திரும்பி வருகிறாள். கேட்டால் இருக்க இடம் கிடைத்தது, எழும்ப மனமில்லை என்கிறாள்.

மெற்றில்டா நேற்று மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்: "மச்சாளுக்கு என்ன பதில் சொன்னீங்கள்?"

"யோசிக்கிறன்."

"நீங்கள் யோசிச்சு முடியிறதுக்குள்ள அமெரிக்காக்காரன் இன்னொரு மாநிலம் வாங்கிப்போடுவான்."

நான் சிரிக்கவில்லை. அவளும்தான்.

அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இப்போது நான் எழுதுகிறேன். கடைசி வருடம் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருப்பா. நீங்கள் அழைக்கிற நாள் அது. சில ஞாயிறுகள் அழைப்பு வரும். வராத ஞாயிறுகளில் அந்தச் சேலையை அவிழ்க்கச் சொல்வது என் வேலை. அப்படிக் காத்திருந்த மனுசியைச் செத்த பிறகும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து உங்களுக்காகக் காத்திருக்கச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மலர்ச்சாலைக்காரன் எத்தனை நாள் என்று கேட்டான். வியாழனுக்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றேன். ஊர் என்னைத் திட்டியது. இப்போதும் லூசியா கோயிலுக்குப் பூசைக்குப் போனால் சில பேர் முகத்தைத் திருப்புகிறார்கள்.

ஆகவே என் பதில் இது. நான் காத்திராமல் அடக்கம் செய்தது சரி என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நான் ஓம் என்று எழுதுகிறேன். அதற்கு முன் இல்லை.

பிறெடி


பிறிஸ்டல்
5 நவம்பர் 2023

தம்பி,

உன் கடிதத்தை அத்தான் வாசித்துவிட்டு, "எழுதிக் குடு, ஒரு வரிதானே, பிள்ளையின்ரை விசயம்" என்றார். மேசையில் இருந்தேன். பேனையும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சேலை எனக்குத் தெரியாது. உண்மையாகத் தெரியாது. அப்போது வாரக்கடைசியில் இரட்டை ஷிப்ட் வேலை செய்தேன், முதியோர் இல்லத்தில், அடுத்தவர்களுடைய அம்மாக்களைக் குளிப்பாட்டிக்கொண்டு. நீ சுமந்தாய், நான் சுமக்கவில்லை. இதை எழுதுகிறேன், கையெழுத்தும் போடுகிறேன், நீ விரும்பினால் மொழிபெயர்த்து முத்திரையும் குத்திக்கொள். ஆனால் என் அம்மாவின் முகத்தை நான் பார்க்காமல் போனது சரி என்று மட்டும் எழுதமாட்டேன். அந்த வரியை எழுதினால் நான் அங்கே வந்து நின்றதே இல்லை என்று ஆகிவிடும்.

இது எங்கள் இரண்டு பேருடைய சண்டை. அதற்குள் நிருஷாவை நிறுத்தாதே.

மார்ச் தொடங்கும்முன் எனக்கு உன் சம்மதம் வேண்டும். மெற்றில்டாவிடமோ நிருஷாவிடமோ சொல், அவர்கள் எனக்குச் சொல்லட்டும். என்னோடு கதைக்கத் தேவையில்லை.

யூஜினா


வெள்ளவத்தை
30 ஜனவரி 2024

யூஜினா அக்காவுக்கு,

நீங்கள் அந்த வரியை எழுதவில்லை. எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பிடிவாதம் இரண்டு பேருக்கும் சமமாக வந்திருக்கிறது.

ஓம். தொடங்குங்கள். எங்கள் மூன்று பேருக்கும்.

இதை நான் உங்களுக்காகச் செய்யவில்லை. இதனால் என் எண்ணம் மாறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மெற்றில்டாவுக்கும் நிருஷாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக்கூடாது. அலுவல் தொடங்கிவிட்டது என்று உங்கள் கடிதம் வந்ததும் நானே சொல்வேன். என் வீட்டில் என் முடிவை நான்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கூரியரில் போட்டிருக்கலாம். அவசரப்படுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். சாதாரண விமானத் தபாலில் போடுகிறேன். மூன்று கிழமையில் வந்துவிடும்.

பிறெடி


பிறிஸ்டல்
2 ஏப்ரல் 2024

பிறெடி,

உன் ஓம் இன்றைக்குத்தான் வந்தது. உறை நனைந்து காய்ந்து, எங்கெங்கோ கிடந்து வந்திருக்கிறது. அஞ்சல்காரன் கொண்டுவந்து தரும்போது மன்னிப்புக் கேட்டான், அவன் என்ன செய்வான்.

பெப்ரவரி முழுவதும் மெற்றில்டாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லுறாரில்லை மச்சாள் என்று அவள் அழுதாள். கடைசி நாளில் நிருஷா எனக்கு வொய்ஸ் அனுப்பினாள்: "மாமி, அப்பா ஓம் எண்டு சொல்லமாட்டார் போல. நீங்கள் மினக்கெட வேண்டாம்." அப்போது நீ ஓம் எழுதிப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

சட்டத்தரணியிடம் உறையைக் காட்டினேன், திகதி முத்திரையோடு. உதவாது என்றார். தாமதத்துக்குக் காரணம் சொல்லலாமா என்று கேட்டேன். ஒரு போன் அழைப்பில் சொல்லியிருக்கலாமே என்று அவர்கள் கேட்பார்களாம்.

நிருஷாவின் பெயர் விழுந்துவிட்டது. நீயும் மெற்றில்டாவும் இன்னும் வரலாம்.

நீ ஓம் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. உன் வீட்டில் நீதான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

யூஜினா


வெள்ளவத்தை
11 மே 2024

அக்கா,

சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமை பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெற்றில்டா சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

மெற்றில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப எழுதினீங்கள்?"

"ஜனவரியில."

"ஜனவரியில." திரும்பவும் சொல்லிப் பார்த்தாள். "பெப்ரவரி முழுக்க நான் கெஞ்சிக்கொண்டு நிண்டன். நீங்கள் பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தீங்கள்."

அது உண்மை. அந்த மாதம் முழுவதும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அக்கா. அவள் கெஞ்சக் கெஞ்ச, இவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று. உங்கள் பதில் வந்ததும் அதை மேசையில் வைத்து, ஒன்றும் நடக்காதது போலச் சோறு கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நிருஷா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, உங்களிட்ட வாற ஆக்களுக்குத் தபாலில அனுப்பச் சொல்லுவீங்களா?"

"இல்லை."

"என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"மெயில் போடுங்கோ, போனும் எடுத்துச் சொல்லுங்கோ எண்டு."

"ம்," என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் மரியாதையாக நடக்கிறாள். தேத்தண்ணி தருகிறாள், சட்டை தோய்க்கிறாள். ரயிலில் இப்போது வெள்ளவத்தையிலேயே இறங்கிவிடுகிறாள்.

இதைச் சரியாக்க வழி ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

பிறெடி


பிறிஸ்டல்
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி,

சட்டத்தரணி சொன்ன ஒரே வழி இது. நீ வா. வந்து நிரந்தர வதிவிடம் எடுத்த பிறகு, தகப்பன் என்ற முறையில் அவளுக்கு விண்ணப்பம் போடலாம். எட்டு வருடமோ பத்து வருடமோ ஆகும். அதுவரை அவள் கல்யாணம் கட்டக்கூடாது. இதை எழுத எனக்கே கை வரவில்லை.

நீ வராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மேல்மாடியை போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன், கைக்குழந்தையோடு தெருவில் நின்றார்கள். கீழே எங்களோடு இருக்க ஒரு சின்ன அறை உண்டு. ஒருவருக்குப் போதும்.

யூஜினா அக்கா


வெள்ளவத்தை
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

நேர்முகம் முடிந்தது, விசா தந்துவிட்டார்கள். எனக்கு மட்டும். மெற்றில்டா தன் பெயரை எடுத்துவிட்டாள். "பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் எந்தச் சுவர்க்கத்துக்கும் வரமாட்டன். நீங்கள் செய்ததை நீங்களே போய்ச் செய்து முடியுங்கோ," என்றாள்.

நிருஷாவோடும் கதைத்தேன். அவள் இப்போது மருதானையில் ஒரு கணக்காய்வுக் கந்தோரில் வேலை. "போடுறதெண்டா போடுங்கோ அப்பா. ஆனா நான் காத்திருப்பன் எண்டு நினைக்க வேண்டாம். எனக்கு ஆரையும் பிடிச்சால் கட்டுவன்," என்றாள். நியாயம். ஐம்பத்தைந்து வயதில், அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒன்றுக்காக நான் போகிறேன். இதைத் தவிர அவளுக்குச் செய்ய என் கையில் வேறொன்றும் இல்லை.

மேசையையும் கதிரையையும் ரியூசன் வகுப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். என் பிறப்புச் சான்றிதழை நானே மொழிபெயர்த்து நானே முத்திரை குத்தக்கூடாது என்பது சட்டம். மாளிகாவத்தையிலிருக்கிற அஷ்ரப்பிடம் கொடுத்துச் செய்வித்தேன். "நீங்களுமா சேர்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

உங்கள் கடலையும் மரவீடுகளையும் நான் கேலி செய்து எழுதியதை மறந்துவிடுங்கள். இந்த இரண்டு வருடத்தில் நிருஷாவின் பழைய போனில் அந்த இடத்து வரைபடத்தை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். உங்கள் தெருவிலிருந்து அந்தக் கம்பஸுக்குப் போகிற வழி எனக்கு மனப்பாடம். இந்தப் பிள்ளை அந்தக் கரையில் நடந்திருக்க வேண்டியவள்.

நேற்று உடுப்பு அடுக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். "அப்பா, ஒண்டு கேக்கவேணும். அம்மாக்கு ஏதும் நடந்தால் நாங்கள் நீங்கள் வருமட்டும் வச்சிருக்கிறதா, இல்லையா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நடந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்கக் கேட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"வச்சிருங்கோ," என்றேன். "எத்தனை நாள் எண்டாலும் வச்சிருங்கோ."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். காத்திராதது சரி என்ற அந்த வரியை நீங்கள் எழுதாமல் விட்டது நல்லது, அக்கா.

ஜனவரியில் வருகிறேன். திகதியைப் போனில் சொல்கிறேன். விமான நிலையத்துக்கு அத்தானை அனுப்ப வேண்டாம். முடிந்தால் நீங்களே வாருங்கள்.

தம்பி
பிறெடி